பார்த்தெழுதும் பிள்ளைகளுக்குத் தாமாக எழுதவும் இடங்கொடுப்போம்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரம் 5 ஐ முடித்து இடைநிலைப் பிரிவுக்கு வரும் பிள்ளைகள் நான்கு வரிகளைக்கூடப் பிழையின்றி எழுத முடியாதிருக்கிறார்கள் என்று கவலை தெரிவிக்கும் கடிதங்களை அண்மைக்காலமாகத் தங்கள் பத்திரிகையில் வாசித்து வருகிறேன். கவலை நியாயமானதே. ஆயினும் அக்கடிதங்களில் பெரும்பாலானவை கைத்தொலைபேசியையும் தொலைக்காட்சியையும் பெற்றோரின் கவனக்குறைவையும் காரணமாகக் காட்டி, பிழைவிட்ட சொல்லைப் பத்துமுறை எழுதவைக்க வேண்டும் என்ற பழைய வைத்தியத்தோடு நின்றுவிடுகின்றன. திருகோணமலை மாவட்டப் பாடசாலைகளில் நீண்டகாலம் ஆரம்பப்பிரிவில் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்ற வகையில் எனது கருத்து வேறானது. பிள்ளை தன் மனத்தில் உள்ளதைத் தானாக எழுதுவதற்கு நாம் மிகக் குறைந்த இடமே கொடுக்கிறோம். எழுதுதல் என்ற பெயரில் வகுப்பில் நடப்பதில் பெரும்பகுதி பார்த்தெழுதுதலே. எழுத்துப்பிழை பெருகுவதற்கு முதற்காரணம் இதுவென்று உறுதியாக நம்புகிறேன்.

வகுப்பறையின் ஒரு நாளைக் கூர்ந்து கவனித்தால் இது விளங்கும். பிள்ளை திகதியையும் தலைப்பையும் பலகையைப் பார்த்து எழுதுகிறது. பாடப்பகுதியைப் பார்த்து எழுதுகிறது. வினாவைப் பார்த்து எழுதுகிறது. வினாவுக்குரிய விடையையும், ஆசிரியர் பலகையில் எழுதியபின், பார்த்தே எழுதுகிறது. கொப்பி அழகாக இருக்கிறது. பெற்றோர் மகிழ்கிறார்கள், மேற்பார்வைக்கு வருபவரும் மகிழ்கிறார். அதே பிள்ளையிடம், நேற்றுப் பின்னேரம் கடற்கரையில் கண்டதை மூன்று வசனங்களில் எழுது என்று சொன்னால் பென்சில் நகர்வதில்லை. எழுதுதல் என்பது மனத்துக்குள் ஒரு சொல்லைக் கேட்டு, அதை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலிக்கும் உரிய எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது. பார்த்தெழுதும்போது இந்த மூன்றில் ஒன்றுகூட நிகழ்வதில்லை. கண்ணும் கையும் வேலை செய்கின்றன, காது ஓய்ந்திருக்கிறது. எழுத்தின் வடிவத்தைக் கை பழகும்வரை, அதாவது தரம் 1 இல், பார்த்தெழுதுதல் அவசியம் என்பதை நான் மறுக்கவில்லை. அது தரம் 5 வரை தொடர்வதே எனது முறைப்பாடு.

வடிவம் பழகும் காலத்திலும் தமிழ் எழுத்து முறைக்கே உரிய சில இடர்கள் உண்டு; அவற்றைப் பெரியவர்களான நாம் மறந்துவிடுகிறோம். பிள்ளை 'கெ' என்று சொல்லும்போது ககர ஒலி முன்னே வருகிறது, எகர ஒலி பின்னே வருகிறது. எழுதும்போதோ கொம்பை முதலில் எழுத வேண்டும். 'கொ' என்றால் கொம்பு முன்னும் அரவு பின்னுமாக ஓர் உயிரொலி ககரத்தின் இரு பக்கங்களிலும் பிரிந்து நிற்கிறது. 'கௌ' என்பதில் வரும் குறியீடு ளகரத்தைப் போலவே தோன்றுவதால், கௌதாரியைக் 'கெளதாரி' என்று பிள்ளை வாசிப்பதில் வியப்பில்லை. உகர வரிசை இன்னும் கடினமானது. சு, பு, வு, யு ஆகியவற்றில் கோடு நேரே கீழிறங்குகிறது. கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை கீழே வளைகின்றன. து, நு, ணு, லு, று, னு ஆகியவை வேறொரு வகையில் மேலெழுகின்றன. தமிழகத்தில் 1978 இல் அரசாணை மூலம் நடைமுறைக்கு வந்து, பின்னர் நமது பாடநூல்களிலும் இடம்பெற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியதேயன்றி உகர ஊகார வரிசைகளைத் தொடவில்லை. ஆகவே 247 எழுத்துகளையும் அட்டவணையில் வரிசையாக ஒப்புவிக்கச் செய்வதைவிட, ஒரே வகையாக வளையும் எழுத்துகளைக் கூட்டங்கூட்டமாக எடுத்து, கூட்டத்துக்கொரு சில சொற்களோடு கற்பிப்பது பயன் தரும். க, கா, கி, கீ என்று பாட்டாகப் பாடும் பிள்ளையிடம் அட்டவணையின் நடுவே ஓரெழுத்தைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள். பலர் தொடக்கத்திலிருந்து மனத்துக்குள் பாடிக்கொண்டு வந்தே அதைக் கண்டுபிடிப்பார்கள்.

இனிப் பிழைகளுக்கு வருகிறேன். எல்லாப் பிழைகளும் ஒரே தன்மையானவை அல்ல. ஆனால் சிவப்புப் பேனா எல்லாவற்றையும் ஒரே மாதிரி வட்டமிடுகிறது. 'படம்' என்பதற்குப் 'பம்' என்று எழுதும் பிள்ளைக்கும், 'மழை' என்பதற்கு 'மளை' என்று எழுதும் பிள்ளைக்கும் நாம் கொடுக்கும் புள்ளி ஒன்றுதான். முதற்பிள்ளை சொல்லில் உள்ள ஒலிகளைப் பிரித்துக் கேட்கவில்லை. அதற்குக் கைதட்டி அசை பிரிக்கும் பயிற்சியும், வாய்மொழி விளையாட்டும் வேண்டும். இரண்டாவது பிள்ளையோ சரியாகக் கேட்டிருக்கிறது. நம் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. கேட்டதை அப்படியே எழுதிய பிள்ளையிடம் அந்தக் காதின் நேர்மையைப் பாராட்டியபின் எழுத்து வழக்கைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 'மூண்டு கண்டு நிண்டது' என்று எழுதும் பிள்ளையும் அவ்வாறே. வீட்டில் ஒண்டு, மூண்டு, கண்டு, பண்டி என்று கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, இவையெல்லாம் எழுத்தில் ஒன்று, மூன்று, கன்று, பன்றி என்று ஒருசேர மாறுகின்றன என்பதை ஒரே பாடத்தில் காட்டலாம். நண்டு, வண்டு போன்ற சொற்கள் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாகவே நிற்கின்றன என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கவும் விடலாம். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே பத்துமுறை எழுதவைப்பதால் இந்த ஒழுங்கு ஒருபோதும் புலப்படாது. பத்தாவது முறை எழுதும்போது கை மட்டுமே எழுதுகிறது, மனம் எப்போதோ விளையாட்டுத் திடலுக்குப் போய்விட்டது.

தமிழ் எழுத்து ஒழுங்கற்றது, மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்று சில இளம் ஆசிரியர்களே சொல்லக் கேட்டு மிகவும் வருந்தியிருக்கிறேன். சொல்லின் முதலில் ணகரமோ னகரமோ வருவதில்லை, நகரம் மட்டுமே வரும். தகரத்துக்கு முன் நகர மெய், டகரத்துக்கு முன் ணகர மெய், றகரத்துக்கு முன் னகர மெய்: பந்து, வண்டு, கன்று. இவ்விரண்டையும் தரம் 3 இல் விளையாட்டாகப் பழக்கினால் ந, ண, ன மயக்கத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும். சொற்குடும்பங்களும் அப்படித்தான். எழுது என்பதில் உள்ள ழகரம் எழுத்திலும் எழுத்தாளரிலும் மாறாது. அறி என்பதில் உள்ள றகரம் அறிவிலும் அறிஞரிலும் தொடரும். தரம் 5 பிள்ளைகளுக்கு இன்னும் சுவையான ஒன்றைக் காட்டலாம். கடலோடு கரை சேர்ந்தால் கடற்கரை. முள்ளோடு புதர் சேர்ந்தால் முட்புதர். தமிழோடு கல்வி சேர்ந்தால் தமிழ்க்கல்வி. லகரம் றகரமாகிறது, ளகரம் டகரமாகிறது, ழகரமோ அசையாமல் நிற்கிறது. பேச்சில் ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகள் இப்படி வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதைக் கண்ட பிள்ளை, அவை வெவ்வேறானவை என்பதைத் தானே ஒப்புக்கொள்ளும்.

இதற்கான சொற்களைத் தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்து ஊர்ப்பெயர்களே போதுமானவை. கிண்ணியாவில் மூன்று சுழி, கன்னியாவில் இரண்டு சுழி. இரண்டு ஊர்களையும் அறியாத திருகோணமலைப் பிள்ளை இல்லை. நிலாவெளியில் லகரமும் ளகரமும் வருகின்றன. வெள்ளைமணலில் ளகரம், ணகரம், லகரம் மூன்றும் உள்ளன. பாலையூற்றிலும் கட்டைபறிச்சானிலும் இறக்கக்கண்டியிலும் றகரம் இருக்கிறது, வெருகலில் ரகரம் இருக்கிறது. பிள்ளைகள் தாம் பஸ்ஸில் கடந்துபோகும் பெயர்ப்பலகைகளை எழுதிக்கொண்டு வரட்டும். கடலோரப் பாடசாலைகளில் மீன்களின் பெயர்கள் இன்னும் உயிர்ப்பானவை. சுறாவுக்கும் இறாலுக்கும் றகரம், சூரைக்கும் பாரைக்கும் ரகரம், சாளைக்கு ளகரம், கணவாய்க்கு ணகரம். பாரை என்பது வலையில் அகப்படும் மீன், பாறை என்பது கோணேசர் கோயில் நிற்கும் இடம். வலை தகப்பன் கடலில் வீசுவது, வளை நண்டு மணலில் தோண்டுவது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்வேறுபாட்டை மறக்கவே முடியாது, ஏனெனில் பொருள் அதன் கண்முன்னே கிடக்கிறது. எங்கள் ஊரின் பெயரையே ஒற்றின்றித் திருகோணமலை என்றும் ஒற்றுடன் திருக்கோணமலை என்றும் எழுதும் இரு வழக்கங்கள் உள்ளன. ஆரம்ப வகுப்பில் பாடநூலில் உள்ள வடிவத்தை ஏற்றுக்கொண்டு, மற்ற வடிவத்தைப் பிழையென்று வெட்டாமல், பெரியவர்களிடையே அவ்வாறும் ஒரு வழக்கு உண்டு என்று பிள்ளைக்குச் சொல்லிவைப்பதே முறையென்பது எனது எண்ணம்.

உச்சரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரகரமும் ழகரமும் நுனிநாக்கு அண்ணத்தை வருடுவதால் பிறக்கின்றன என்றும், றகரமும் னகரமும் நுனிநாக்கு அண்ணத்தில் நன்கு பொருந்துவதால் பிறக்கின்றன என்றும் நன்னூல் கூறுகிறது. இலக்கணத்தைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாக்கை எங்கே வைப்பது என்று காட்டினால் போதும். கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள பிள்ளைகள் குர்ஆன் மத்ரசாவில் ஒவ்வோர் அரபு எழுத்தும் பிறக்கும் இடத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பழகுகிறார்கள் என்பதைக் கண்டிருக்கிறேன். தேவாரம் பண்ணோடு ஓதப் பழகும் பிள்ளைகளிடமும் அந்தக் கவனம் இருக்கிறது. அதே காதும் நாக்கும்தான் தமிழ்ப் பாடவேளைக்கும் வருகின்றன. பேச்சு வழக்கைக் கைவிடச் சொல்வது இதன் நோக்கமன்று. வாசிக்கும்போது மட்டும் எழுத்துக்குரிய ஒலியைக் கொடுக்கப் பழகினால், எழுதும்போது அந்த ஒலி நினைவுக்கு வரும்.

சொல்வதெழுதுதல் என்ற நல்ல பயிற்சி இன்று முதல்நாள் இரவில் மனப்பாடம் செய்த பத்துச் சொற்களின் பரீட்சையாகச் சுருங்கிவிட்டது. அதனை ஒரு முழு வசனமாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் அதனை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னபின் எழுத வேண்டும். எழுதியதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தாமே திருத்த வேண்டும். தன் பிழையைத் தானே கண்டுபிடித்த பிள்ளைக்குப் புள்ளி குறைக்கக் கூடாது. ஒற்று மிகுதலில் தரம் 4, 5 பிள்ளைகளுக்கு இரண்டே இடங்களை மட்டும் உறுதியாகக் கற்பித்தால் போதுமென்று நினைக்கிறேன்: 'பந்தைப் பிடித்தான்' என்பதுபோல் ஐ உருபின் பின்னும், 'கடைக்குப் போனாள்' என்பதுபோல் கு உருபின் பின்னும், க, ச, த, ப வரும் இடங்கள். அன்றாட எழுத்தில் அடிக்கடி வருவன இவையே. எஞ்சியவை இடைநிலை வகுப்புகளுக்கு உரியவை.

இவையெல்லாம் பயன்படவேண்டுமானால் பிள்ளை தன் சொந்த வசனங்களை எழுத வேண்டும், அதுவும் நாள்தோறும் எழுத வேண்டும். காலையில் முதற் பாடவேளையின் தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் இதற்கென ஒதுக்கப்பட்டால் போதும். தரம் 2 பிள்ளை ஒரு படம் வரைந்து கீழே ஒரு வசனம் எழுதட்டும். தரம் 4 பிள்ளை ஐந்தாறு வசனங்கள் எழுதட்டும். தெரியாத சொல்லைக் கேட்ட ஒலிப்படி எழுதிவிட்டு மேலே செல்ல அனுமதிக்க வேண்டும். அங்கேயே தடுத்து நிறுத்தினால், பிழைவிடாத சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் எழுதும் பிள்ளையே நமக்குக் கிடைக்கும். இவ்வளவு கொப்பிகளையும் யார் திருத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் நாளொன்றுக்கு எட்டுக் கொப்பிகளைப் பார்த்தால் பாடசாலை வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். பார்க்கும் கொப்பியிலும் எல்லாப் பிழைகளையும் திருத்த வேண்டாம். இந்த வாரம் ரகர றகரம் கற்பித்தால் அதை மட்டும் திருத்துவோம். பக்கம் முழுவதும் சிவப்பாகத் திரும்பி வரும் கொப்பியைக் காணும் பிள்ளை அடுத்தநாள் குறைவாகவே எழுதுகிறது. எழுதிய விடயத்தைப் பற்றி ஆசிரியர் ஒரு வரி எழுதினால், 'உங்கள் வள்ளத்துக்கு என்ன நிறம்?' என்று கேட்டால், மறுநாள் பதில் எழுத அந்தப் பிள்ளை காத்திருக்கும்.

தரம் 5 பிள்ளைகள் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பேசாமல் இவ்விடயத்தை முடிக்க இயலாது. அதன் ஒரு வினாத்தாள் பலவிடைத் தெரிவுகளால் ஆனது. அதற்கு ஆயத்தப்படுத்துவதில் தரம் 4 இன் இறுதியிலிருந்தே மாதிரி வினாத்தாள்கள் குவிகின்றன. கீறிட்ட இடத்தை நிரப்புவதும் சரியான விடையின் கீழ்க் கோடிடுவதும் எழுத்துப் பயிற்சி என்று கருதப்படுகின்றன. கட்டுரைக்கென்று பிரத்தியேக வகுப்புகளில் ஆயத்தமான கட்டுரைகள் வழங்கப்படுகின்றன. பசு வளர்ப்பையே கண்டிராத கடலோரப் பிள்ளை 'எங்கள் வீட்டுப் பசு' என்று பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதுகிறது; அந்தப் பக்கத்தில் அதன் சொல் ஒன்றுகூட இல்லை. 1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றையும் வகுப்புக்கு வகுப்பு அளவறிந்து கலக்கவே சொன்னது; பலவிடைத் தாள்களை நிரப்புவதற்கு அது எழுத்துவேலை என்று பெயரிடவில்லை.

எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் எழுத்துகளைத் தலைகீழாகவோ இடம்மாற்றியோ எழுதிக்கொண்டிருக்கும் சில பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லித் தண்டிப்பது பெரும் அநீதி. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். அவற்றில் குறை இல்லையெனில் கற்றல் இடர் குறித்து அறிந்தவர்களிடம் அனுப்ப வேண்டும். நகருக்கு வெளியே, வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற பகுதிகளில் உள்ள பெற்றோருக்கு அந்த உதவி எளிதில் எட்டும்படி செய்வது கல்வி அதிகாரிகளின் கடமையாகும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆசிரியரை 'ரீச்சர்' என்று எழுதுவது நமது வழக்கு. தமிழகத் தொலைக்காட்சியில் பிள்ளை காண்பது 'டீச்சர்'. இரண்டும் ஒரே பக்கத்தில் கலந்து வராமல், பத்திரிகை ஒரு வழக்கைத் தேர்ந்து அதனையே தொடர்ந்து கையாண்டால், பத்திரிகை பார்த்து வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு அது பேருதவியாக இருக்கும். அதைவிட முக்கியமாக, சிறுவர் பகுதியில் வெளியாகும் ஆக்கங்களில் பல பெரியவர்கள் எழுதிப் பிள்ளையின் பெயரில் அனுப்பியவை என்பது வாசித்தவுடனேயே தெரிகிறது. வாரந்தோறும் அரைப் பக்கத்தை ஆரம்பப்பிரிவுப் பிள்ளைகள் தாமாக எழுதிய நாலைந்து வசனங்களுக்கு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்துப்பிழையைத் தாங்கள் திருத்தலாம், ஆனால் வசனத்தைத் திருத்த வேண்டாம். நிலாவெளிப் பிள்ளை கரைவலை இழுப்பதைப் பற்றி எழுதட்டும். தம்பலகாமத்துப் பிள்ளை வயல் காவலைப் பற்றி எழுதட்டும். அத்தகைய பகுதி தொடங்கப்படுமாயின், முதல் ஆக்கங்களைத் திரட்டி அனுப்ப இங்குள்ள ஆரம்பப்பிரிவு ஆசிரியைகள் சிலரும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம். எந்த நாளுக்குள் அனுப்ப வேண்டும், எத்தனை சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பவற்றைத் தங்கள் பத்திரிகையிலேயே அறிவித்தால் அடுத்த தவணை தொடங்கும்போது வகுப்புகளில் சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.